காசிஜாவின் குரலில் பாடிய கொசுக்கள்

சான்சிபார் தீவின் தெற்குக் கரையில் உள்ள மாவேனி கிராமத்தில், ஒரு வீட்டுக் கழிப்பறைக் குழியில் பிறந்த கொசு அந்த வீட்டாரின் குரலில்தான் பாடும். மழைக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு விலை ஏறுவது எப்படியோ அப்படித்தான் இதுவும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிவாசல் குழியில் பிறந்தவை தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் கடிக்கும். மீன் ஏலக்காரர் வீட்டுக் கொசுக்கள் காதருகே வந்து விலை சொல்லும். கொசு சதுப்பிலிருந்து வருகிறது, மாமரத்திலிருந்து வருகிறது என்றெல்லாம் இந்த ஊரில் யாரும் கதைவிட முடியாது. ஆனால் தெரிந்து என்ன செய்ய? எல்லார் வீட்டுக் குழியும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பாதி ஆண்கள் கைலிக்குள் வீக்கத்தைச் சுமந்து அகட்டி அகட்டி நடந்தார்கள். பெண்களில் சிலருக்கு யானைக்கால்.

சுண்ணாம்பு சுடும் கோம்போவின் மனைவி காசிஜா இறந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவள் குரல் மட்டும் குழியை விட்டுப் போகவில்லை. கோம்போ வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆள் என்பதால் அந்த வீட்டுக் கொசுக்களுக்கு அவள் குரலைத் தவிர வேறு குரல் தெரியாது. சூளையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, சட்டை போடாமல் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துவிடுவான். பொழுது சாயும்போது அவள் வருவாள், கூட்டமாக. உடம்பெல்லாம் தடித்துப்போகும், மனிதன் சந்தோஷமாகவே இருந்தான்.

அந்த வருஷம்தான் சுகாதாரத் துறை ஆட்கள் மூட்டை மூட்டையாகத் தெர்மாகோல் மணிகளைக் கொண்டுவந்தார்கள். குழியில் கொட்டினால் தண்ணீர்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மிதக்கும். கொசு முட்டையிட முடியாது, புழு மூச்சுவிட முடியாது. முதல் மூட்டையை வாங்கியவர் ஏலக்காரர். அவர் விலை ரகசியம் ஊர் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீடாகக் குரல் அடங்கியது. கோம்போ மட்டும் வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினான். பெண்டாட்டி குரல் என்று ஆனபின் ஊரார் எப்படி வற்புறுத்துவார்கள்? விட்டுவிட்டார்கள்.

விடமுடியாதவள் பத்தடி தள்ளியிருந்த வீட்டுச் சுபிரா. கடல்பாசி வளர்த்துப் பிழைப்பவள். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் இடுப்பளவு கடலில் நிற்க வேண்டும். இப்போது அவளைக் கடிப்பவை காசிஜாவின் குரல் கொண்டவை மட்டுமே. மூன்று தடவை குளிர்க்காய்ச்சல் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, இடது கால் சிவந்து வீங்கி வடிந்தது. மாத்திரை கொடுத்த நர்ஸ், கடி நிற்காவிட்டால் ஒரு நாள் வீக்கம் வடியாமலே நின்றுவிடும் என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே சுபிரா நொண்டிக்கொண்டு கோம்போவின் கட்டிலருகே வந்து நின்றாள்.

"கோம்போ மாமா, காசிஜா அத்தை என்ன சொல்லுதுன்னு என்னைக்காச்சும் காது குடுத்துக் கேட்டீங்களா?"

"தினம் அதத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

"குரலக் கேக்குறீங்க. பேச்சக் கேக்கல. அது உசுரோட இருந்தப்பவும் நீங்க அப்படித்தான்."

கோம்போவுக்குச் சுருக்கென்றது. சுபிரா போனபின் தலையைச் சாய்த்து, முதல்முறையாக வார்த்தைகளைப் பிடிக்கப் பார்த்தான். முதலில் அகப்படவில்லை. பிறகு தோளில் ஒன்று, காதில் ஒன்று, முதுகில் நாலு என எல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: "நாளைக்கு நாளைக்குன்னு எத்தனை வருஷமா சொல்ற, அந்தக் குழிய மூடித் தொலையேன் மனுஷா." ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது மனப்பாடம். இவனுக்கு மட்டும்தான் புதுச்செய்தி. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷமாக அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவள் பேச்சைத் தட்டியிருக்கிறான்.

மறுநாள் காலை அவனே போய் மூட்டையைத் தோளில் தூக்கிவந்து கொட்டினான். குழிமேல் கிடந்த உடைந்த பலகையை எடுத்துவிட்டுப் புது மூடியும் அடித்தான். பறந்துகொண்டிருந்தவை நாளுக்கு நாள் குறைந்தன. இருபதாம் நாள் பொழுது சாய்ந்தபோது ஒன்றே ஒன்று வந்தது. குழியைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தேங்காய் துருவும்போது காசிஜா முனகுவாளே, அந்த வார்த்தையில்லாத பாட்டை முனகிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி அவன் முழங்கையில் உட்கார்ந்தது. பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தான். குடித்து முடித்து அது சுபிராவின் ஜன்னல் பக்கம் எழும்பியதும் இரண்டு கையாலும் அடித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தான். காசிஜா இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். கொசு விஷயத்தில் அவள் யாருக்கும் தயவு பார்த்ததில்லை.