மாமனாரின் வலது கால்

பக்கவாதம் வந்து யாவ் கிழவருக்கு வலப்பக்கம் விழுந்ததிலிருந்து மருமகள் ஃபெங்லியான் மருத்துவமனை வேலைக்குப் போகவில்லை. கைஃபெங் நகரில் துய்னா என்ற சீன மசாஜ் முறையில் கைகால் பிடித்துவிடுவதில் அவளுக்கு நல்ல பெயர்.

"ஊரான் காலெல்லாம் பிடிக்கிற, எங்கப்பா காலைப் பிடிக்க மாட்டியா?" என்று கணவன் குவோதோங் அவள் வாயை அடைத்துவிட்டான்.

லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி வீடு. அவன் பேருந்து ஓட்டப் போனால் மாலையில்தான் வருவான். அதுவரை அவளும் கிழவரும்தான். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை வழக்கம்போல அவர் கெண்டைக்கால் மேல் வெள்ளைத் துணியை விரித்து, புறங்கையை உருட்டி உருட்டி அழுத்தினாள். சட்டென்று கை நின்றது. மாதக்கணக்கில் கிடந்த கால் தொளதொளவென்று இருக்க வேண்டும். இதுவோ இறுகித் திரண்டிருந்தது. அவள் கை நின்றதும் கிழவர் வேண்டுமென்றே காலைத் தளர்த்தினார்.

"அப்பா, எழுந்து நடக்கிறீங்களா?"

கிழவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ காய் வாங்கப் போறப்ப. ஜன்னல் வரைக்கும்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைக்குப் போயிடுவ. நாள் பூரா நான் யாரோட முகத்தைப் பார்க்கறது?"

அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அந்த அறையின் சுவர்களைப் பார்க்க அவர் மேல் இரக்கமாகவும் இருந்தது. "தினமும் சாயங்காலம் வந்து பிடிச்சுவிடறேன். உங்க மகன்கிட்ட மட்டும் நீங்க நடந்து காட்டுங்க அப்பா," என்று கெஞ்சினாள். கிழவர் தலையாட்டினார்.

மாலையில் குவோதோங் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்ததும், கிழவரின் செருப்பைக் கட்டிலடியில் வைத்தாள்.

"அப்பா நடக்கிறார். பாருங்க."

கிழவர் எழ முயன்றார். வலது கால் கட்டை போலச் சரிந்தது. கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "முடியலடா, குவோதோங்."

"பொய் சொல்றார்! காலைத் தொட்டுப் பாருங்க!"

"வேலைக்குப் போகணும்னா நேரா சொல்லித் தொலை!" குவோதோங் சாப்பிடும் குச்சிகளை வீசினான். "படுத்துக் கிடக்கிற மனுஷனை ஏன் வதைக்கிற?"

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. கிழவர் கண்ணைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஃபெங்லியான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வர முடியல," என்று வைத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

அவள் உட்காரும் முன்பே கிழவர் தானாக வலது காலை நீட்டினார்.