ஒரு சாணும் நாலு விரலும்

என்னை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்ட் அடிக்கிற வேலை, ஆறடி இரண்டு அங்குல உயரம். மற்றவர்கள் ஸ்டூல் தேடும் இடத்தில் நான் கையைத் தூக்கினால் போதும். இந்த உயரத்தால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். நஷ்டத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மா நான்கு வருடங்களுக்கு முன்னால் இரண்டு பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "கேஸை மூட மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். இப்போது அவளுக்கு வேறு ஊர், வேறு குடும்பம். அன்றிலிருந்து வீட்டில் யாராவது பெட்டியைத் தொட்டாலே, தூசி தட்டத்தான் என்றாலும், "எங்க கிளம்பற?" என்று கேட்டுவிடுவேன்.

போன வருடம் மகளுக்கு சாஃப்ட்பால் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு மூட்டை மட்டையும் பந்தும் கையுறையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சேர்த்து ஒரே விளையாட்டு வாத்தியார். அவருக்குத் தெரிந்தது வாலிபால். "பந்துன்னா எல்லாம் பந்துதாம்மா, போடு" என்பாராம். இவளோ பந்து வீசுகிறவளாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சரி, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நானே கோச் ஆனேன். போனில் வீடியோ பார்த்தேன். கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் வரும்போது மணிக்கட்டை வெட்டிப் பந்தை விடவேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலி பிரஷ்ஷை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். காலி என்று நான் நினைத்ததுதான் தப்பு. அந்த வீட்டு அம்மாவின் புதுத் திரைச்சீலையில் நீலப் புள்ளிகள் விழுந்தன. அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு. அதன் சுவரிலிருந்து பந்து வீசும் தூரமான நாற்பது அடி அளந்து தரையில் கோடு போட்டேன். பந்து மட்டைக்காரரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் போனால்தான் நல்ல பந்து என்று வீடியோவில் சொன்னார்கள். நான் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். மகள் என் அக்குளுக்கும் முழங்காலுக்கும் நேராகப் பென்சிலால் குறித்தாள். டேப் ஒட்டி, வெள்ளை அடித்து, நடுவில் சிவப்புப் பொட்டும் வைத்தேன். இவ்வளவு நேரான கட்டம் எந்த மைதானத்திலும் இருக்காது என்று எனக்கு ஒரே பெருமை.

பத்து மாதம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியில் உட்காருவேன். அவள் வீசுவாள். வீட்டுக்குள் இருக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வது "சாப்டியா", "சாப்டேன்" அவ்வளவுதான். அந்தச் சுவர் முன்னால் மட்டும் அவள் வாய் ஓயாது. எவள் எவளோடு டூ விட்டாள், கணக்கு டீச்சர் எப்படித் தும்முவார் என்று எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியும். எட்டாவது மாதத்தில் பத்துக்கு ஏழு பந்து சிவப்புப் பொட்டில் விழுந்தது.

வருடத்துக்கு ஒரு முறை தலைநகரிலிருந்து ஒரு கோச்சம்மா வருவார். தேர்வானவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. இரயிலில் பத்து மணி நேரம். இந்த முறை பந்து வீச ஓர் ஆள்தான் எடுப்பார்களாம். மகள் காலண்டரில் தேர்வுத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, பக்கத்தில் உயரக் கோடுகள் போடவேண்டும். 'பன்னிரண்டு வயது, நூற்றைம்பது செ.மீ.' என்று எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அந்தக் கோடு என் தோளைக்கூடத் தொடவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் அவ்வளவு உயரம்தான் இருப்பாள். மட்டை பிடிக்கும்போது இன்னும் குனிந்துதானே நிற்பாள்? நான் அக்குள் என்று போட்ட கோடு அவள் தலைக்குப் போகும். சிவப்புப் பொட்டே நல்ல பந்துக்கு மேலே இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். என் கட்டம் ஒரு சாணும் நாலு விரலும் கீழே இறங்கவேண்டும்.

பத்து மாதமாக என் மகளைத் தப்பான உயரத்துக்கு வீச வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். வாளியும் பிரஷ்ஷும் கையிலேயே இருந்தன. அரை மணி நேர வேலை. அவள் ஓடிவந்து, "இன்னிக்கு எட்டு விழும் பாருப்பா" என்றாள். எட்டு விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். "சூப்பர் பாப்பா" என்றுதான் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும், மழுப்பப் போவதில்லை. அவள் தேர்வானால் வாசலில் மறுபடி ஒரு பெட்டி. பிறகு அந்த வீட்டில் நானும் குழாய் சொட்டும் சத்தமும்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் வாளியில் உட்கார்ந்து கைதட்டினேன். பெற்ற பிள்ளைக்கு நானே குழி பறித்தேன்.

தேர்வு நாளில் மைதானத்தில் முப்பது பெண்கள். இவள் முறை வந்தது. கோட்டில் நின்றாள், கையைச் சுற்றினாள். எதிரில் பந்து பிடிக்கும் கேட்சர் பெண் குந்தியிருந்த இடத்திலிருந்து எம்பிப் பிடித்தாள். இரண்டாவது பந்தும் அப்படியே. பத்தில் எட்டு மேலே போனது. எட்டும் ஒரே இடத்தில், அச்சு எடுத்த மாதிரி. அவளுக்கு எதுவும் புரியவில்லை. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோச்சம்மா பேனாவை எடுத்தார். "வேகம் நல்லா இருக்கும்மா. ஆனா எல்லாமே உயரமா போகுதே. யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்கப்பா" என்றாள், தலையை நிமிர்த்தி. வேலிக்கு வெளியே நின்ற என்னைக் கையால் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பந்து தப்பிய பிறகும் அவள் முகத்தில் அந்தப் பெருமை போகவில்லை.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. "மேடம், தப்பு அவ மேல இல்ல. சுவத்துல கட்டம் போட்டது நான். என் உயரத்துக்குப் போட்டுட்டேன். அவ கட்டத்துக்குச் சரியாத்தான் போடறா."

கோச்சம்மா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பார்த்து முடிக்க நேரமானது. "உங்க உயரத்துக்கா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னும் அஞ்சு பந்து. போடும்மா" என்றார்.

நான் மகளிடம் போய்க் குனிந்தேன். "ஒரு சாணும் நாலு விரலும் கீழ, பாப்பா. பொட்டை மறந்துடு."

ஐந்தில் நான்கு, கேட்சர் கையை அசைக்காமலே கையுறைக்குள் விழுந்தது. கோச்சம்மா எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள். பாதி வழி வரை மடியில் விரலை விரித்துச் சாண் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "அது எப்படிப்பா அவ்வளவு கரெக்டா சொன்ன? ஒரு சாணும் நாலு விரலும்னு."

"அளந்து பாத்தேன்."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாரம் ஆச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை அவள் பின்னந்தலைதான் எனக்குத் தெரிந்தது.

பந்து வீச எடுத்த அந்த ஓர் ஆள் அவள்தான். பத்தாம் நாள் விடுதிக்குப் புறப்பட்டாள். அவளே பெட்டியை அடுக்கினாள். நான் தூக்கப் போனபோது, "நானே தூக்கிக்கறேன்" என்றாள். இரயில் நகரும்போது கையை மட்டும் ஆட்டினாள்.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் பேச விடுவார்கள். முதல் இரண்டு ஞாயிறு "சாப்டியா", "சாப்டேன்". மீதி ஒன்பது நிமிடமும் மூச்சுச் சத்தம். சாயங்காலம் ஆறு மணியானால் பழக்கதோஷத்தில் நான் வாளியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வேலை இடத்தில் யாராவது "ஏணி, மக எப்படி இருக்கா?" என்று கேட்டால், "அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா" என்பேன். எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது ஞாயிறு அவளே ஆரம்பித்தாள். "கட்டத்தை இறக்கிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"யாரு போடப்போறா இங்க?"

"லீவுக்கு வருவேன்ல. அப்ப எதைப் பாத்துப் போடறது? சரியா அளந்து இறக்கு."

"யாரை வச்சு அளக்கறது?" என்றேன்.

"என்னை வச்சுதான்."

"நீதான் இங்க இல்லையே."

"இரு, வச்சுடாத" என்றாள். யாரிடமோ அளக்கிற டேப் கேட்பது காதில் விழுந்தது. "ஏய், இங்க பிடிடி" என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடியே படியிறங்கிச் சுவருக்குப் போனேன்.

"முழங்கால் நாப்பத்திரெண்டு. குனிஞ்சு நின்னா அக்குள் தொண்ணூத்தாறு. எழுதிக்கிட்டியா?"

பென்சிலால் சுவரில் எழுதினேன். தெளிவாகத்தான் கேட்டிருந்தது. இருந்தாலும், "கேக்கல பாப்பா, இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.