மறுபடியும் ஆனா ஆவன்னா

மலாயாவில், சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கொட்டகைக்கு வாத்தியார் நிலைப்பதில்லை. ஒருவர் ஈப்போவில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்துப் போனார். ஒருவர் காய்ச்சலோடு கப்பலேறினார். இன்னொருவர் கள்ளுக்கடையில் கங்காணியோடு மல்லுக்கட்டி, சொல்லாமல் ஓடினார். வருகிற ஒவ்வொருவரும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, மணலைப் பரப்பி, எல்லாப் பிள்ளைகளையும் 'ஆனா'விலிருந்து ஆரம்பிப்பார்.

பால் வெட்டும் வீரம்மாவின் பத்து வயது மகள் மங்களம் இரண்டாம் புத்தகத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். "இது படிச்சாச்சு சார்" என்று போன வாத்தியாரிடம் சொன்னதற்குப் பிரம்படிபட்டு, கை வீங்கி லயத்து வீட்டுக்கு வந்தாள்.

புது வாத்தியார் பெரியநாயகம் வந்த அன்றே வீரம்மா கண்டித்துவிட்டாள். "அவரு முன்னாடி வாயத் தொறக்காத. ஆனா போடச் சொன்னா ஆனா போடு. மருவாதயா இரு!"

அதற்குப் பிறகுதான் தோட்டத்துத் துரையின் உத்தரவு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளில், பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டாம் புத்தகம் வாசிப்பவர்களுக்கு மட்டும் பள்ளி, மற்றவர்களுக்குப் புல்வெட்டு. மகள் தப்பித்துவிடுவாள் என்று வீரம்மா நிம்மதியாக இருந்தாள். அவள் வாய்க்குத் தான் போட்ட பூட்டு நினைவில் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்த நாள், பால் வாளியோடு கொட்டகை ஓரம் நின்றாள்.

"ரெண்டாம் புத்தகம் யார் வாசிப்பா?"

"எல்லாம் அரிச்சுவடிதான் சார். நான் வந்தே மூணு வாரந்தான்" என்றார் பெரியநாயகம்.

"எம்மவ வாசிப்பா தொரே!"

"ஏய், நீ என்னா வாத்தியாரம்மாவா?" என்று சிரித்தார் கங்காணி பிச்சைமுத்து.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை நீட்டினார். மங்களம் எழுத்தைப் பார்த்தாள். வாத்தியாரின் பிரம்பைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வாசிடி, சனியனே!" என்று கத்தினாள் வீரம்மா.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிவிட்டார்.

லயத்தில் மகளின் முதுகில் அறைந்து கேட்டாள்: "தெரியாதாடி?"

"தெரியும். நீதானம்மா வாத்தியாரு முன்னாடி வாயத் தொறக்காதன்னே."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று வீரம்மாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமே பெரியநாயகம் சிலிபினில் ரயில்வே வேலைக்குப் போனார். புதியவர் வந்தார். மங்களம் புல்வெட்டும் மேட்டுக்குப் பிள்ளைகளின் கோரஸ் கேட்டது: ஆனா... ஆவன்னா...

"வாத்தியாரு வந்தாச்சுலா மங்களம், நீ போகலியா?" என்றார் பிச்சைமுத்து.

அவள் குனிந்தபடி வெட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு பாடம் மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது.