டர்போ வாய்க்கு ஒரு கையுறை

என் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஜனவரி கடைசியில். உறைந்த ஏரிமேல் கார்ப் பந்தயம் நடக்கிறது. நேர் பாதை வந்ததும் காலை முழுசாக அழுத்துகிறேன். டர்போ விசிலடித்துக் கிளம்ப வேண்டிய இடத்தில், மாடிப்படி ஏறும் ஆஸ்துமாக்காரன் மாதிரி ஒரு இருமல். ரஸ் பென்ஹேல் கையாட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். தாண்டினால்கூடப் பரவாயில்லை. அந்தக் கையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பந்தயத்துக்குக் கோப்பை கிடையாது. மூக்கு நசுங்கிய நீல எனாமல் காபிப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். தோற்றவர்கள் அடுத்த குளிர்காலம் முழுக்க ஏரிக்கரையில் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்க வேண்டும். பாத்திரம் பல வருஷமாக ரஸ் வீட்டில்தான் குடியிருக்கிறது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரஸுக்குச் சர்க்கரை கலக்கிக் கொடுப்பதென்றால் எரிச்சல் வருமா வராதா? இந்த வருஷம் அந்தப் பாத்திரம் எனக்கு வந்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், வெய்க்கோ என் கொட்டகைக்கு வந்தான். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன் அவன். இரண்டு குளிர்காலமாக வந்துபோகிறான். வண்டி வேலைக்கு வருவதாக அவன் சொல்லிக்கொண்டான், நானும் நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன்.

"காற்றுக்குழாய்தான் அய்லா. கழட்டிப் பாத்துருவோம்," என்றான்.

டர்போ என்பது காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிற சின்னச் சக்கரம். ஏர் ஃபில்டரிலிருந்து அதன் வாய்வரைக்கும் ஒரு ரப்பர் குழாய் போகிறது. எஞ்சின் விடுகிற எண்ணெய்ப் புகையும் அந்தக் குழாய்க்குள்தான் வந்து சேரும். எங்கள் ஊர்க் குளிரில் அது ஈரத்தோடு சேர்ந்து பிசுக்காகி உள்ளே அப்பிக்கொள்ளும்.

நான் பானெட்டுக்குள் தலையை விட்டேன். "கிளாம்பு ஸ்க்ரூ தேஞ்சு போயிருக்குய்யா. போன தடவை யாரு முடுக்கினது?"

"நீதான்."

"நான்னா இப்படியா முடுக்குவேன்?"

"நீன்னாதான் இப்படி முடுக்குவ."

திட்டிக்கொண்டே, குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்பையும் தளர்த்தி, பக்கத்துச் சின்ன ஹோஸைப் பிடுங்கி, குழாயை இப்படியும் அப்படியும் முறுக்கி வெளியே இழுத்தேன். வெய்க்கோ டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"கஞ்சி காய்ச்சி ஊத்தினாப்புல இருக்கு. இதை வச்சுக்கிட்டா ரஸ் பின்னாடி ஓடுன?"

"ஓடுனேன்ல! நின்னா போயிட்டேன்?"

டர்போவின் வாயைத் திறந்தால் உடனே அடைத்துவிட வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் சக்கரம் தூள்தூள். எல்லாரும் பழைய துணியை வைத்து அடைப்பார்கள், அதை எடுக்க மறப்பார்கள், அப்புறம் அழுவார்கள். என் கொட்டகையில் சட்டம் வேறு. எதை விட்டுவிட்டு உன்னால் வெளியே போக முடியாதோ, அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். இந்தக் குளிரில் அது கையுறைதான். மறந்துவிட்டுக் கதவைத் தாண்டினால் நாலடியில் கையே கூப்பாடு போடும். என் பழைய கறுப்புக் கையுறைகளில் ஒன்றைச் சுருட்டி டர்போவின் வாயில் திணித்தேன். மற்றது கோட்டுப் பையில் கிடந்தது.

குழாயைச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோனோம். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பாட்டில் பிரஷ். முதல் தண்ணீர் சாக்கடை, இரண்டாவது கலங்கல், மூன்றாவது பரவாயில்லை. வெய்க்கோ பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க, நான் குழாயை வளைத்துப் பிடித்துக்கொண்டு வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் காயப் போட்டுவிட்டு, சூடான பேஸ்டி ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம். கறியும் கிழங்கும் அவன் தாடியெல்லாம்.

அப்போதுதான் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். முகம் மட்டும் வேறு பக்கம்.

பிரித்தேன். சிவப்புக் கம்பளிக் கையுறைகள், புத்தம் புதுசு. ஒரு கட்டைவிரல் இன்னொன்றைவிட நீளம்.

"எங்கய்யா வாங்குன?"

"வாங்கல. பின்னினேன்."

"நீயா?"

"நூலகத்துல வியாழக்கிழமை பின்னல் கூட்டம் நடக்குதுல்ல, அதுல சேர்ந்தேன்."

"அத்தனை பொம்பளைங்க நடுவுலயா?"

"ரொம்ப நல்லவங்க. கேக்கெல்லாம் தர்றாங்க."

பனி தள்ளுகிற அந்தக் கைகள் எனக்காக ஊசி பிடித்திருக்கின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அவனிடம் சொல்லிவிடுவேனா? "கட்டைவிரல் கோணல்," என்றேன். ஆனால் மாட்டிக்கொண்டேன். இதமாக இருந்தது.

குழாய் காய்ந்ததும் போய் மாட்டினேன். டர்போ அடியாழத்தில் இருக்கிறது. டார்ச் அடிக்காமல் கண்ணுக்குத் தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் மாட்ட வேண்டும். புத்தி முழுக்கச் சிவப்புக் கையுறைமேல் இருந்த வேளையில் மாட்டினேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பாட்டரி குளிரில் செத்துவிடாமல் இருக்க அதை வீட்டுக்குள் வைத்திருந்தோம், அதனால் வண்டியைக் கிளப்பிப் பார்க்கவும் இல்லை. வெளியே வந்து நடந்தேன். கைக்குக் குளிரவே இல்லை.

ஞாயிறு காலை வண்டியை டிரெய்லரில் ஏற்றி ஏரிக்குப் போனோம். வெயில் பளீரென்று அடித்தது. ஊரே பனிமேல் நின்றிருந்தது. ரஸ் காபிப் பாத்திரத்தைத் தன் பானெட்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கு ரெண்டு சர்க்கரை. இப்பவே ஞாபகம் வச்சுக்க!"

"டேய் ரஸ், துடைச்சு வை. நாத்தம் இல்லாம என் வீட்டுக்கு வரணும்."

பாட்டரியை மாட்டினோம். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தேன். சாவியை நுழைத்தேன். வெய்க்கோ ஜன்னலருகே நின்று கைகளை ஊதிக்கொண்டிருந்தான். அவசரத்தில் தன் கையுறைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"உன் பழசைக் கொடேன் அய்லா. விரல் விறைச்சுப் போச்சு."

பைக்குள் கையை விட்டேன். ஒன்று வந்தது. மறுபடி விட்டேன். இன்னொரு பையில் விட்டேன். ஒன்றுதான் இருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கையுறையைப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் பானெட்டைப் பார்த்தோம்.

"சாவியைத் தொடாதே!" என்று கத்தினான்.

தொடுவேனா? கையைச் சுட்டதுபோல எடுத்துவிட்டேன். திருப்பியிருந்தால் சக்கரம் கையுறையை விழுங்கியிருக்கும். டர்போவும் போயிருக்கும், பந்தயமும் போயிருக்கும்.

வெய்க்கோ முகம் சுண்டிப்போயிற்று. "என் கையுறையாலதானே. கை குளிர்ந்திருந்தா உனக்கு ஞாபகம் வந்திருக்கும்."

"புலம்பாம பானெட்டைத் திற!"

கொடிக்காரன் வண்டிகளை வரிசைக்குக் கூப்பிட்டான். தேய்ந்த ஸ்க்ரூவில் என் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவில்லை. வழுக்கியது, மறுபடி வழுக்கியது. எனக்கு அழுகையும் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தன. அப்போது பின்னாலிருந்து ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் நீண்டது. ரஸ்.

"தள்ளுக்கா. நீ ஓடாம நான் ஜெயிச்சா அந்தக் காபி எனக்கு இறங்காது."

அவனே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிளாம்பைத் தளர்த்தினான். நான் குழாயை ஒதுக்கி, இரண்டு விரலை விட்டு இழுத்தேன். கறுப்பு எலிக்குட்டி மாதிரி கையுறை வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ரஸ் அதை உயர்த்திப் பிடித்து ஊருக்கே காட்டினான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டார்ச் அடித்துச் சக்கரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, குழாயை மாட்டி, முடுக்கி, ஓடிப்போய் ஏறினேன். தாமதமாக வந்ததால் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள்.

கொடி விழுந்தது. காலை அழுத்தினேன். அடடா, அந்த விசில்! சுத்தமான குழாய் வழியாகக் காற்று போகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்க நான் எத்தனை தொட்டித் தண்ணீரை வேண்டுமானாலும் கறுப்பாக்குவேன். வளைவுக்கு வளைவு ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போனது. கடைசிச் சுற்றில் முன்னால் ரஸ் மட்டும். நேர் பாதையில் வண்டி இருமவில்லை. அவன் பக்கத்தில் வந்ததும் கோணல் கட்டைவிரலோடு கையைத் தூக்கி நன்றாக ஆட்டிவிட்டுப் போனேன்.

பாத்திரத்தைக் கொடுக்கும்போது ரஸ், "ஸ்க்ரூ டிரைவர் கொடுத்த கையை உடைக்கணும்," என்றான். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எத்தனை சர்க்கரைக்கா?"

"மூணு. நல்லாக் கலக்கணும்."

மறுநாள் பேருந்தை விட்டுவிட்டு வந்ததும் குழாயை மறுபடி கழற்றினோம். ஏரியில் அவசரமாக மாட்டியபோது பனி உள்ளே போயிருக்கலாம் அல்லவா? நீலப் பாத்திரம் கொட்டகை விறகடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. டர்போவின் வாய் திறந்ததும் வெய்க்கோ துவைத்து வைத்திருந்த பழைய கையுறையை நீட்டினான். இனிமேல் சிவப்புக் கையுறையை இந்தக் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் ஒரு பிரசங்கம் செய்தான்.

நான் அவன் நீட்டியதை வாங்கி அடுப்புக்குள் போட்டேன். என் வலது கையிலிருந்த சிவப்பைக் கழற்றிச் சுருட்டி டர்போவின் எண்ணெய் வாய்க்குள் திணித்தேன்.

"ஐயையோ! மூணு மாசம் பின்னினதும்மா!"

"இந்தக் கொட்டகையில சட்டம் என்னய்யா?"

"எதை விட்டுட்டு வெளிய போக முடியாதோ, அதை..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். காது மடல் இரண்டும் கம்பளி நிறத்துக்கு வந்தன.

"எடுக்க மறந்துட மாட்டியே?" என்றான் மெதுவாக.

"அதை விட்டுட்டு நான் எங்கய்யா போகப் போறேன்," என்றேன்.