மெத்தைக் கடையில் ஒரு ஞாயிறு

மெத்தைக் கடைக்கு மதியத்தில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்க வருவதில்லை. வெயிலுக்கு ஒதுங்குவார்கள், ஏசிக்கு வருவார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு மெத்தையில் சாய்வார்கள். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்துவிடும். பேசிக்கொண்டே இருந்தவர்கள் பாதிச் சொல்லில் நின்றுபோவார்கள். அங்கே வேலை செய்கிற பஞ்சு அவர்களை எழுப்புவதில்லை. வரிசையாகக் கிடக்கும் வெள்ளை மெத்தைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு, தானும் பாதி விழிப்பில் மிதந்துகொண்டிருப்பாள்.

பஞ்சு என்பது அவளுடைய பெயர் இல்லை. கல்யாணமான புதிதில், மெத்தை விற்கிறவள் என்பதற்காக வீட்டுக்காரர் வைத்த பெயர். கடையில் இருப்பதெல்லாம் ஃபோமும் ஸ்ப்ரிங்கும்தான், பஞ்சு என்று மருந்துக்குக்கூடக் கிடையாது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். ஹாரனையே காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன்.

மற்ற பெண்களுக்கு 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்றால் அது நல்ல செய்தி. வீட்டில் குரல் இறங்கும், யாராவது ஓடிப்போய் இனிப்பு வாங்கி வருவார்கள். பஞ்சுவுக்கு வயசுக்கு வந்ததிலிருந்தே நாள் சும்மா தள்ளித் தள்ளித்தான் போகும். இரண்டு மாசம் வராது, சில சமயம் நாலு மாசம்கூட வராது. கல்யாணமான முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள். மருந்துக்கடையில் வாங்கிய, கர்ப்பமா என்று பார்க்கிற பட்டையை பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். இரண்டாவது கோடு இருப்பது மாதிரியே இருக்கும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் இருக்காது.

டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டித்தான் விஷயத்தைச் சொன்னார்.

"உனக்கு முட்டை இல்லாம இல்லம்மா. நெறையவே இருக்கு. ஆனா எதுவும் முழுசா வளர்ந்து வெளிய வர மாட்டேங்குது. பாதியிலயே நின்னு போயிடுது. நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, அது இதான்."

கருப்பான திரையில் சின்னச் சின்ன வட்டங்கள் ஓரமாகக் கூடி நின்றன. எல்லாம் பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவளுக்கு அவற்றின் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் காலையில் நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, மாத்திரை, முட்டை வளர்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஸ்கேன் என்று காலம் ஓடியது. டாக்டரம்மா நாள் குறித்துக் கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அது ஆசை என்பது போய் டியூட்டி மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு விஷயமும் இருந்தது. அவளுக்குத் தாடையில் முடி முளைத்தது. தினமும் காலையில் பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மேல்மாடிக்காரர் வீட்டுக் குழாய் உடைந்து அவன் வீட்டுக் கூரை முழுக்க ஒழுகுகிறது, சரியாகும்வரை இங்கேதான். அவன், அவன் பெண்டாட்டி, தவழ்கிற வயசில் இரட்டைப் பிள்ளைகள். இருப்பதோ இரண்டு அறை. ஒன்றில் அத்தை, இன்னொன்றில் இவர்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்கங்க" என்றாள் அத்தை, பஞ்சுவின் மாமியார். "உங்களுக்கென்ன, கைக்குழந்தையா இருக்கு?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். பஞ்சு தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

பார்த்துப் பார்த்து அந்த வாரம்தான் டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "ஒண்ணு வளர்ந்திருக்கு. நல்ல சைஸ். இன்னைக்கும் நாளைக்கும் வீணாக்காதீங்க."

அன்றே, சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் வைத்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீடு என் பஸ்ஸவிடக் கூட்டமா இருக்கே பஞ்சு."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"லாட்ஜுக்கு ஏதாவது…"

"கட்டின புருஷனோட லாட்ஜுக்குப் போறதுக்கா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணேன்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குத் தன் கைப்பைக்குள் கிடக்கிற கடைச் சாவி ஞாபகம் வந்தது. காலையில் கடையைத் திறப்பது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை.

மறுநாள் மதியம், கடையில் சரக்கு சரிபார்க்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமையுமா? சரி, இவன் எதுக்கு?"

"மெத்தை தூக்க ஆள் வேணாமாம்மா?" என்றார் அவர், முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு.

ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, திரும்ப இறக்கினார்கள். தெருச் சத்தம் வெளியிலேயே நின்றுவிட்டது. காற்றுப் போக்கியின் இடுக்குகள் வழியே வெளிச்சம் கோடு கோடாக இறங்கி, மெத்தைகளின் மேல் கிடந்தது. தூசி மெதுவாக எழும்பியது, இறங்கவே இல்லை. தினமும் வந்துபோகிற கடைதான், ஆனால் அன்றைக்கு அது வேறெங்கோ இருந்தது.

"எது?" என்றார் அவர் கிசுகிசுப்பாக. கேட்க ஆளில்லாத இடத்தில் ஏன் கிசுகிசுக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அது வேணாம், கத்தும். அது ஆளை உள்ள வாங்கிடும், எந்திரிக்கவே முடியாது. அது முதுகுவலிக்காரங்களுக்கு. அந்த ஓரத்துல இருக்கறது முதலாளியம்மா மதியம் படுக்கறது."

அவர் ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் மாதிரி படுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை மொறுமொறுவென்று சத்தம் போட்டது. "மேடம், இதுக்கு வாரண்டி உண்டா? குழந்தை குட்டின்னு ஆனா தாங்குமா?" என்றார். பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். கடைசியில் இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் இருந்த மெத்தையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை விரித்து, மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் விழுந்தார்கள்.

வெளிச்சக் கோடு ஒன்று அவள் முகத்தில் விழுந்திருந்தது. அவர் அவள் தாடையைத் தொட்டார்.

"ஒண்ணு விட்டுட்ட."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரே வீட்ல இருக்கோம். தினமும் பாத்ரூம் வாசல்ல துண்டோட நிக்கிறவன் நான்தானே."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ சொல்லலையே, அதான். இருக்கட்டும் விடு பஞ்சு. அது பாவம் என்ன பண்ணுச்சு."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அவர் தடுக்கவில்லை. அழுகை தானாக ஓய்ந்தபிறகு அவள் திரும்பி அவர் பக்கம் ஒண்டினாள். டாக்டரம்மா சொன்னதும் அத்தை சொன்னதும் ஷட்டருக்கு அந்தப் பக்கமே இருந்தன.

பிறகு இரண்டு பேரும் அப்படியே தூங்கிப்போனார்கள். அவள் கனவில் கடை முழுக்கத் தண்ணீர் நின்றது. கணுக்கால் அளவுதான், இளஞ்சூடாக இருந்தது. மெத்தைகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்பி மெதுவாக மிதந்தன. எதுவும் எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரத்தில் இல்லை. அவள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

பின்கதவு திறக்கிற சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். பஞ்சு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் எழுந்திருக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தார்.

முதலாளியம்மா சாவகாசமாக முதுகைத் திருப்பிக்கொண்டு கல்லாப்பெட்டி மேசையைத் துழாவினார்.

"என் கண்ணாடிய இங்க வச்சுட்டுப் போயிட்டேன்" என்றார் சுவரைப் பார்த்து. "கண்ணாடி இல்லைன்னா எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. போறப்ப பின்கதவப் பூட்டிட்டுப் போங்க."

கண்ணாடி அவர் மூக்கிலேதான் இருந்தது.

திங்கள்கிழமை பஞ்சு தலையைத் தூக்காமல் வேலைக்கு வந்தாள். முதலாளியம்மா அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மதியம் மட்டும் போகிறபோக்கில், "அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கறது எப்படி இருக்கு? யாராச்சும் கேட்டா சொல்லணும்ல" என்றார். பஞ்சு பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த மாசம் அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். கனமாக எதையும் தூக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளைக்கூட உட்கார்ந்துதான் மடியில் வாங்கினாள். பிறகு ஒரு காலையில் அடிவயிறு வலித்தது. ரத்தம் வந்துவிட்டது.

கொழுந்தன் குடும்பம் அதற்குள் வீடு திரும்பியிருந்தது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடாமலே நின்றாள். அத்தை வந்து மூடினாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

எத்தனையோ தடவை கேட்கப்பட்ட கேள்விதான். அன்றைக்கு அவளால் 'ஒண்ணுமில்ல அத்தை' என்று சொல்ல முடியவில்லை. நீர்க்கட்டி, மாத்திரை, ஸ்கேன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மெத்தைக் கடையை மட்டும் விட்டுவிட்டாள்.

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நான் என்னவோ நீங்க ரெண்டு பேரும் இப்போதைக்கு வேணாம்னு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "அன்னைக்கு ஹால்ல படுங்கன்னு வேற சொல்லித் தொலச்சேன்."

மறுநாள் விடிந்ததும் பஞ்சு நடக்கக் கிளம்பியபோது வாசலில் அத்தை ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். பழைய ஷூ, மகனுடையது, அத்தையின் காலுக்கு ரொம்பப் பெரிசு.

"எனக்கும்தான் சுகர் இருக்கு. நானும் வரேன்."

அதிலிருந்து தினமும் இரண்டு பேரும் நடந்தார்கள். அத்தை தெருவில் யாருக்கு யாரோடு சண்டை, எந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பேசினாள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. பனி விலகாத தெருவில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடப்பது பஞ்சுவுக்குத் தூக்கத்தில் நடப்பது போலச் சுகமாக இருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை மாத்திரை போட்டுப் பார்த்தாள். தலைவலியும் எரிச்சலும் வந்தன, வேறு எதுவும் வரவில்லை. "கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தி வைப்போம். உடம்பு ஓயட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. நிறுத்தினால் பழையபடி மாசக்கணக்கில் தள்ளிப் போகும் என்று அவள் நாள் எண்ணுவதையே மறந்துபோனாள்.

பிறகு ஒரு நாள் மதியம், கடையில் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. அவள் நம்பாமல் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், சரியாக வரவேண்டிய காலத்தில் தானாக வந்திருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்து இப்படி வந்ததே இல்லை.

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் கடைசி நிறுத்தத்துக்கு நடந்தாள். காலி பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"என்ன பஞ்சு, என்னாச்சு?"

"வந்துடுச்சுங்க."

அவர் முகம் வாடியது. பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்துக் குழம்பினார். "இப்ப நான் வருத்தப்படணுமா, சந்தோஷப்படணுமா?"

"தானா வந்துச்சு. மாத்திரையே இல்லாம. அப்படின்னா உள்ள ஏதோ ஒண்ணு தானா வளர்ந்து வந்திருக்கலாம்னு அர்த்தம்."

அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, தன் பின்னால் இருந்த முதல் இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"உக்காரு. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். வண்டி கிளம்ப நேரமாச்சு."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வயிறு லேசாக வலித்தது. அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். யாரோ இரண்டு பேர் ஓடிவந்து ஏறினார்கள். பஸ் ஒரு குலுங்கலோடு கிளம்பியது.