அவனுக்குப் புரியாத வாக்குமூலம்

ராணுவ முகாமுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த லாரியைச் சந்தை முனையில் வலப்பக்கம் திருப்பினான் டிரைவர். சைக்கிளில் வந்த தபால்காரர் முன்சக்கரத்தில் இடிபட்டு விழுந்தார். கடிதங்கள் தெருவெல்லாம் இறைந்தன. ஆம்புலன்ஸ் வரும்வரை தார்ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தவனும் அந்த டிரைவர்தான்.

அந்நிய நாட்டில் பணிக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத சிப்பாய் அவன். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்கள். ஒரு எழுத்தும் புரியவில்லை. பேனாவை எடுத்துவிட்டான். அந்த நேரத்தில் முகாமின் சட்ட அதிகாரியான பெண்மணி அரக்கப்பரக்க உள்ளே வந்தார். பின்னாலேயே மொழிபெயர்ப்பாளரும் மூச்சு வாங்க வந்தார்.

"பேனாவைக் கீழ வைங்க."

"போட்டுட்டா அனுப்பிடுவாங்க போலிருக்கு மேடம்."

"அனுப்புவாங்க. எங்கேன்னுதான் தெரியணும்."

அதிகாரி அவன் எதிரே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "இந்த ஊர் கோர்ட்தான் உங்களை விசாரிக்கும், அதைத் தடுக்க முடியாது. ஆனா ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. உங்க மேல என்ன புகார்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். வக்கீல் வெச்சுக்கலாம். விசாரணையில நம்ம முகாம் ஆள் ஒருத்தர் உங்க கூடவே இருக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் தாளைப் படித்தார்: 'போனில் பேசிக்கொண்டே ஓட்டினேன்.'

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, வண்டியை எடுக்கும்போதே போனை முகாம் வாசல்ல வாங்கி வெச்சுக்கறாங்களே!"

வேடிக்கை பார்த்த யாரோ சொன்னதை எழுதியிருந்தார்கள். அன்று அவன் போன் வாசலில்தான் இருந்தது என்று காட்டும் பதிவேட்டின் நகல் வந்தது. போலீஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டே அந்த வரியை அடித்தார்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளரோடு வக்கீல் வந்தார். எதுவும் சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு என்றார். பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் லாரியைத் திருப்பியது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் தபால்காரர் வலியில் அவன் சட்டையைப் பிடித்திருந்த பிடி நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"செய்யாததை ஒத்துக்க மாட்டேன் சார். செஞ்சதை மறைக்கவும் மாட்டேன். கண்ணாடியைப் பார்க்காதது என் தப்பு."

வக்கீல் பெருமூச்சு விட்டார். ஆனால் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து நீதிமன்றத்தில் நடந்ததை எல்லாம் மொழிபெயர்ப்பாளர் அவன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊன்றுகோலோடு வந்த தபால்காரர் நீதிபதியிடம் சொன்னார்: "இவன் என் தலையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டே இருந்தான். ஒண்ணும் புரியல. ஆனா பயம் போயிடுச்சு."

சிறை இல்லை, ஒரு வருடம் வண்டி ஓட்டக் கூடாது என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் செய்தான்.

"என்னங்க, வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?"

"இல்லம்மா. சமையல்கூடத்துல போட்டிருக்காங்க. வெங்காயம் உரிக்கணும்."

"நம்ம வீட்ல என்னைக்காவது ஒரு வெங்காயம் உரிச்சிருப்பீங்களா நீங்க?"

ஆறு வாரமாக அழுதுகொண்டே பேசியவள் அடக்க முடியாமல் சிரித்தாள். நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்து, அவள் சிரித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.