துணி காயும் கயிறு

போன் திரையில் தனபாலின் முகத்தைவிட அவருக்குப் பின்னால் தொங்கிய பச்சை லுங்கிதான் முதலில் என் கண்ணில் பட்டது. அது காய்ந்துகொண்டிருந்தது நான் வரைந்த சிவப்புக் கயிற்றில்.

"ஏனுங்க, அந்தக் கயித்துல போயி எதுக்குங்க துணி போட்டிருக்கீங்க?"

"வேறெங்க புள்ள போடறது? இந்தக் காட்டுல ஒரு மரங்கூட இல்ல."

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுகிற பட்டறையில் நான் டிசைனர். என் வீட்டுக்காரர் தனபால் அந்த வண்டிகளோடு போர் போடப் போகிற ஆள். இந்தத் தடவை நான் வரைந்த வண்டியிலேயே பைப் மாட்டும் வேலைக்கு மத்தியப் பிரதேசம் போயிருக்கிறார். சொந்தக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அன்றிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வண்டியில் ஒரு பக்கம் டிரில்லர் நின்று லீவர்களைப் பிடித்திருப்பார். பைப் மாட்டுகிறவர் நிற்பது அதற்கு எதிர்ப்பக்கம். சுற்றுகிற பைப்பில் சட்டையோ கையோ மாட்டினால் அவர் கத்த வேண்டும், கம்ப்ரசர் இரைச்சலில் அது டிரில்லர் காதில் விழவும் வேண்டும். பழைய வண்டிகளில் நிறுத்துகிற பொத்தான் டிரில்லரின் கைப்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வரைந்தவர்கள் யாரை நம்பினார்கள், யாரை நம்பவில்லை என்பது அந்தப் பொத்தான் இருக்கிற இடத்திலேயே தெரிந்துவிடும். நான் பைப் பக்கம் முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை ஓடவிட்டேன். எங்கே பிடித்து இழுத்தாலும் இயந்திரம் நிற்கும்.

பட்டறை முதலாளி அர்த்தநாரி படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏனம்மிணி, ஆளாளுக்கு நிறுத்தறதுக்கு வெச்சா குழி எப்பத்தான் போடறது?"

"மாட்டுனவன் கைல இல்லாம, மாட்டாதவரு கைல மட்டும் இருந்து என்னங்க பிரயோசனம்?"

தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, போட்டுத் தொல" என்றார். அதற்கப்புறம் பல நாள் நான் தரையில் நடக்கவில்லை. ஐயோ, எவ்வளவு கெத்து!

இப்போது அந்தக் கயிற்றில் லுங்கி, இரண்டு துண்டு, யாருடையதோ பனியன்.

"துணி கனத்துக்கு மிசினு நின்னுபோகாதுங்களா?" என்று கேட்டேன்.

"மொத நாளு நின்னுச்சு. மேனேஜரு தையாத்தக்கான்னு குதிச்சாரு. அப்பறம் ரெண்டு பக்கமும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிட்டோம். இப்ப எவ்ளோ போட்டாலும் தாங்குது. நல்ல கயிறு புள்ள."

நல்ல கயிறாம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இப்போது அதில் யார் கை போட்டு இழுத்தாலும் ஒன்றும் நிற்காது. அந்த வண்டியில் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் வைத்தேன். அடுப்புக்கு, அரிசி மூட்டைக்கு, படுக்கைக்கு, சாமி படத்துக்குக்கூட இடம் வைத்தேன். மாதக்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறவர்கள் துவைத்ததை எங்கே காயப்போடுவார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. தினமும் வீட்டில் துணி உலர்த்துகிற எனக்கே தோன்றவில்லை. அவர்கள் கையை நம்பினேன், அவர்களுக்கு ஈரத்துணி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"அந்தக் கம்பிய அவுத்துருங்க. இப்பவே போங்க."

"காலைல அவுத்தர்றேன். நீ சாப்புட்டுப் படு, சாமி."

மறுநாள் பட்டறையில் முதலாளியிடம் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார். அடுத்த வண்டிக்குத் துணிக்கென்று மேலே தனியாக ஒரு கம்பி வரைந்தேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அடுத்த வண்டி கிடக்கட்டும். ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் அல்லவா என் மனுசர் நிற்கிறார்?

மத்தியானம் நானே கூப்பிட்டேன். பைப் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இரைச்சலில் அவர் கத்திப் பேசினார். பின்னால் பச்சை லுங்கி, மறுபடியும் ஈரமாக.

"அவுத்துட்டீங்களா?"

"காலைலயே அவுத்தாச்சு புள்ள!"

"அப்பறம் எப்பிடிங்க அதுல துணி தொங்கியும் மிசினு நிக்காம ஓடுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எவனோ மறுக்கா துணியப் போட்டிருக்கறான்."

"இழுங்க. நாம் பாக்கோணும்."

"மேனேஜரு வைவாரு."

"வையட்டுமுங்க. ஒருக்கா இழுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"செரி, பாத்துக்க" என்று சிரித்தபடி போனைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கயிற்றை ஒரு கையால் பிடித்து இழுத்தார்.

இரைச்சல் அப்படியே இருந்தது. அவர் சிரிப்பு மட்டும் நின்றது. கயிற்றின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். லுங்கி ஆடியது. அதற்கு ஒரு முழம் தள்ளிப் பைப் சுற்றிக்கொண்டே இருந்தது.